ஒரு ரசீது நடந்த வழி

அட்டையைப் புரட்டும் முன்பு தலைப்பிலேயே கொஞ்சம் நிற்போம். ‘தி ஸ்கேம்’. அதைத் தொடர்ந்து மூன்று சின்னக் கேள்விகள்: வென்றவர் யார், இழந்தவர் யார், தப்பியவர் யார். சுசேதா தலாலும் தேபாஷிஸ் பாசுவும் சேர்ந்து எழுதி 1993இல் வெளிவந்த நூல் இது. முந்தைய ஆண்டு பம்பாயில் வெடித்த பங்குச் சந்தை ஊழலைப் பற்றியது. முதல் இரண்டு கேள்விகளை யார் வேண்டுமானாலும் கேட்டிருப்பார்கள். பணம் கைமாறிய இடத்தில் ஒருவர் பெற்றிருப்பார், ஒருவர் விட்டிருப்பார். மூன்றாவதைப் பாருங்கள். நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணை நடத்திக்கொண்டிருந்த ஆண்டு அது. பெரிய வழக்குகளில் ஒன்றுகூடத் தீர்ப்பை எட்டவில்லை. வலையில் யார் விழுந்தார் என்பதே தெளியாத வேளையில், நழுவிப்போனவர் யார் என்று இருவர் நிதானமாகக் கேட்கிறார்கள். எத்தனை மென்மையான குரல், எத்தனை கூரிய கேள்வி! கையில் தாளும் ஆதாரமும் இருப்பவரால்தான் இவ்வளவு அமைதியாகக் கேட்க முடியும்.

இப்படிப்பட்ட நூலை வளவனூரில் உட்கார்ந்து படிப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, பேருந்தும் ரயிலும் தொட்டுவிட்டுப் போகும் சிற்றூர். பம்பாய்ப் பங்குச் சந்தை நிற்கும் தலால் தெருவுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். ஆனால் எழுதிய சீட்டின் மேல் வாழ்க்கை நடத்தத் தெரிந்த ஊர் இது. ஏலச்சீட்டுக்கு ஒரு நோட்டு, தீபாவளிச் சீட்டுக்கு ஓர் அட்டை, அடகுக் கடைக்கு ஒரு துண்டு, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போனால் எடைச் சீட்டு. காகிதம் கையில் இருக்கும்வரை பணம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிற மக்கள், காகிதத்தையே கதைத்தலைவனாக்கிய ஒரு நூலை மற்றவர்களைவிட நெருங்கிப் படிப்பார்கள். சின்னப் பொருளின் முன் நெடுநேரம் நிற்பது இவ்வூருக்குப் புதிதும் இல்லை. எழுத்தாளர் பாவண்ணன் பிறந்த ஊர் இது. ஒரு மரத்தையோ ஒரு வழிப்போக்கரையோ அவசரமின்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும் அவருடைய கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு நிதி இலக்கியம் படித்தால், வறட்சி என்று நாம் ஒதுக்கிய பக்கங்களில்கூட ஈரம் தெரிகிறது.

அந்தத் தலைவனைச் சந்திப்போம். அவன் பெயர் பேங்கர்ஸ் ரிசீட். சந்தைக்காரர்கள் செல்லமாக பி.ஆர். என்பார்கள்.

அந்நாளில் ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் வந்த வைப்புத் தொகையில் 38.5 சதவீதம் வரை அரசுப் பத்திரங்களிலும் அதுபோன்ற பாதுகாப்பான முதலீடுகளிலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வங்கிக்கு இந்த வாரம் பத்திரம் மிஞ்சும், இன்னொன்றுக்குக் குறையும். எனவே ஒரு வங்கி தன் பத்திரத்தை மற்றதிடம் விற்றுப் பணம் வாங்கிக்கொண்டு, குறித்த நாளில் குறித்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்ளும். இதுதான் ரெடி ஃபார்வர்டு. வளவனூர்க் கடைத்தெருவில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. வளையலைக் கொடுத்துப் பணம் வாங்கி, தவணை முடிந்ததும் வட்டி கட்டி மீட்கிறோமே, அதே காரியம்தான். ஆனால் பத்திரக் கணக்கு ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில், கையால் எழுதும் பேரேட்டில் இருந்தது. பெயர் மாறி எழுதப்பட நாளாகும். அதுவரை விற்ற வங்கி வாங்கிய வங்கிக்கு ஒரு ரசீது தரும்: பணம் பெற்றோம், பத்திரம் உங்களுடையது, வந்ததும் ஒப்படைக்கிறோம். இவ்வளவுதான் பி.ஆர். பார்த்தால் பரமசாது.

இந்தச் சாது எப்படிக் கள்ளனானான் என்பதை நூல் அவிழ்க்கும் விதத்தில்தான் நான் மனம் பறிகொடுத்தேன். யாரையும் பெயர் சொல்லிச் சபிப்பதற்கு முன்னால் ரசீதின் நடையை நம் கண்முன் நிறுத்திவிடுகிறார்கள். முதலில் பத்திரத்துக்குப் பதிலாக வந்த ரசீது, பிறகு பத்திரமாகவே மதிக்கப்படுகிறது. அடுத்து, ரசீதை நம்பியே பணம் தருகிறார்கள். பிறகு ஒரு நாள், பின்னால் பத்திரமே இல்லாத ரசீது எழுதப்படுகிறது. பெட்டிக்குள் வளையல் இல்லை. சீட்டு மட்டும் ஊரைச் சுற்றுகிறது. பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிடன் கூட்டுறவு வங்கி ஆகிய இரண்டு சிறு வங்கிகள் வெறுங்கையோடு இப்படிப்பட்ட ரசீதுகளை எழுதித் தந்தன. அவற்றை நம்பிக் கோடிகளைக் கொடுத்தவை அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய வங்கிகள். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து அரை அடிதான் விலகியிருக்கிறது. எந்த இடத்தில் குற்றம் தொடங்கியது என்று விரல் வைக்கப் பார்த்தால் விரல் வழுக்குகிறது. குற்றத்தை இத்தனை மென்படிகளாகப் பிரித்துக் காட்டுவது ஒரு கலை. கோபப்படத் துடிக்கும் வாசகரைக் கையமர்த்தி, முதலில் புரிந்துகொள்ளச் சொல்லும் பெருந்தன்மையும் அதில் இருக்கிறது.

ரசீதுக்குப் பக்கத்தில் ஒரு காசோலையும் வருகிறது. அதன் அழகையும் பருகிவிட்டுப் போகலாம். இரண்டு வங்கிகள் பத்திரம் மாற்றிக்கொண்டால் பணம் வங்கியிலிருந்து வங்கிக்கே போக வேண்டும். தரகர் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டுத் தரகை வாங்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். நடந்தது வேறு. தேசிய வீட்டுவசதி வங்கி எழுதிய காசோலையில் பெறுநர் என்று இருந்தது ஏ.என்.இசட். கிரிண்ட்லேஸ் வங்கியின் பெயர். பணம் வரவு வைக்கப்பட்டதோ அந்த வங்கியில் இருந்த ஹர்ஷத் மேத்தா என்ற தரகரின் கணக்கில். கேட்டால் சந்தை வழக்கம் என்றார்கள். காசோலையில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை, கையெழுத்து போலியில்லை, மை உலர்ந்து அழகாகவே இருந்தது. பெயர் ஒன்றாகவும் போன இடம் வேறாகவும் இருந்த அந்தச் சின்ன இடைவெளி வழியாகத்தான் வங்கிப் பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. ஒரு நாட்டின் நிதிக் கட்டமைப்பு எந்த மூலையில் ஒழுகியது என்பதை ஒரே ஒரு காசோலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிடலாம் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தலாலைப் பற்றி இரண்டு செய்திகள் இங்கே சேர்த்துப் பார்க்கத் தகும். அவர் தார்வாடில் புள்ளியியல் படித்தவர், பிறகு பம்பாயில் சட்டம் படித்தவர். எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடும் பழக்கமும், சொல்லைக் கண்டால் அதற்குச் சாட்சி கேட்கும் பழக்கமும் அந்த நடையில் ஒன்றையொன்று கைபிடித்துப் போகின்றன. பாசுவுடன் சேர்ந்தே எழுதியிருந்தாலும் படிக்கும்போது இரண்டு குரல் என்று தையல் தெரிவதில்லை. இருவர் எழுதிய நூலில் அது அரிது.

நூல் பிறக்கக் காரணமான செய்தியையும் கொஞ்சம் ருசிப்போம். 1992 ஏப்ரல் 22 அன்று பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடு 4,467 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை அது காணாத உயரம். மறுநாள் காலை டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் தலாலின் செய்தி. ஸ்டேட் வங்கியின் பத்திரக் கணக்கில் சுமார் 500 கோடி ரூபாய்க்குத் துண்டு விழுகிறது, அதைச் சரிக்கட்டும்படி ஒரு பெருந்தரகரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தரகரின் பெயர் செய்தியில் இல்லை. சந்தை அவருக்குச் சூட்டியிருந்த ‘பிக் புல்’ என்ற பட்டம் மட்டும் இருந்தது. பெயரைப் போட்டிருந்தால் அன்றைய பரபரப்பு இன்னும் பத்து மடங்கு ஆகியிருக்கும். எழுதும் கை எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். தொகை இருக்கிறது, வங்கி இருக்கிறது, நடந்தது இருக்கிறது. ஹர்ஷத் மேத்தா என்ற பெயரை ஊரே தானாக நிரப்பிக்கொண்டது. சொல்லாமல் விட்ட ஒரு சொல் இத்தனை உரக்கக் கேட்ட செய்தி நம் பத்திரிகை வரலாற்றில் அதிகம் இருக்காது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் குறியீடு 570 புள்ளிகள் சரிந்தது, ஏறத்தாழ 13 சதவீதம்.

சரிவை வருணிப்பதில் நாடகம் காட்ட ஏராளமான வாய்ப்பு இருந்தது. 2020இல் ஹன்சல் மேத்தா இதே நூலை ஒட்டி எடுத்த ‘ஸ்கேம் 1992’ தொடரைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஹர்ஷத் மேத்தாவாக நடித்த பிரதிக் காந்தி சிரித்த சிரிப்பும் அந்தப் பின்னணி இசையும் மறக்காது. நல்ல தொடர்தான். ஆனாலும் தொடரைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருகிறவர்களுக்கு ஓர் இனிய அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே மனிதர் மின்னினார், ரசீது ஓரமாக நின்றது. இங்கே ரசீது நடுவில் நிற்கிறது, மனிதர் அதன் பக்கத்தில் தன் சரியான உயரத்தில் தெரிகிறார்.

அந்த உயரத்தை அளந்த நேர்த்தியைச் சொல்ல வேண்டும். ஏ.சி.சி. சிமென்ட் பங்கு 200 ரூபாய் அளவிலிருந்து 9,000 ரூபாய் வரை ஏறிய கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஹர்ஷத் மேத்தா ஒரு தத்துவமும் சொன்னார்: இப்படி ஓர் ஆலையை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ அதுவே பங்கின் மதிப்பு. கேட்க எத்தனை கவர்ச்சி! கேட்டவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. இதைப் பேராசைக்காரரின் பிதற்றல் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போயிருந்தால் நமக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அந்த வாதத்துக்குள் இருந்த அறிவையும், அதைத் தூக்கி நிறுத்தியது ஆலையின் மதிப்பில்லை, வங்கிகளிலிருந்து வந்த ஓசிப் பணம் என்பதையும் ஒருசேரக் காட்டும்போது மேத்தா நம்மைப்போல ஒரு மனிதர் ஆகிறார்.

மூன்றாவது கேள்வி தன் வேலையைக் காட்டுவது வெளிநாட்டு வங்கிகளைப் பற்றிய பகுதிகளில். ஊரெல்லாம் ஒரு தரகரின் சொகுசுக் காரையும் வொர்லி வீட்டையும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து பத்திரச் சந்தையின் விதிகளை வளைத்தவர்கள் பக்கம் விளக்கைத் திருப்பியது இந்த நூல். ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் ஆர். ஜானகிராமன் தலைமையிலான குழு கண்டறிந்த ஓட்டை ஏறத்தாழ 4,024 கோடி. அதில் ஆயிரம் கோடிக்கு மேல் இழந்தது ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி. இழந்தவரும் குற்றத்தில் பங்குள்ளவராக இருக்க முடியும், வென்றவர் கைகழுவிக்கொண்டு போய்விட முடியும். தலைப்பில் தனித்தனியாக நின்ற மூன்று கேள்விகளும் உள்ளே வந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அழகு இதுதான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. பெயர்கள் மொய்க்கின்றன. வங்கி, தரகர், நிறுவனம், கிளை என்று அடுத்தடுத்து வரும்போது தலை சுற்றும். பென்சிலால் ஓரத்தில் கோடு இழுத்துப் படம் போட்டுக்கொண்டுதான் நான் சில இடங்களைத் தாண்டினேன். கோபம் சில இடங்களில் நடையைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் பெயரைக் குறைத்து எழுதியிருந்தால் தப்பியவர்கள் இன்னொரு முறை தப்பியிருப்பார்கள். அதனால் நெரிசலையும் மன்னித்துவிட்டேன்.

நூல் 1993இல் நின்றுவிடவில்லை. 2001இல் கேதன் பாரேக் என்ற தரகரின் சரிவு வந்ததும் விரிந்த பதிப்பாக வளர்ந்தது. இந்தப் பகுதிக்குள் தமிழ் வாசகர் நுழையும்போது தெரிந்த முகங்கள் எதிர்ப்படும். பாரேக்கின் பத்துச் செல்லப் பங்குகளில் ஒன்று சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ். மகாபாரதக் கதையைக் கணினி அசைவூட்டப் படமாக எடுத்த அதே நிறுவனம். டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர் என்ற இன்னொரு சென்னைப் பெயரும் அந்தக் காலப் பேச்சில் அடிபட்டது. குஜராத்தின் மாதவபுரா கூட்டுறவு வங்கி பணமே வராமல் எழுதிக்கொடுத்த பே ஆர்டர்களைப் பார்த்ததும் நம் பழைய நண்பன் பி.ஆர். சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று புரிந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டு கழித்து அதே நடை, வேறு காகிதம். அந்த ஒற்றுமையைக் கூவி அறிவிக்கத் தேவையே இல்லை; இரண்டு கதைகளும் ஒரே அட்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதே போதும்.

அதே ஆண்டு முடங்கிய யு.எஸ்.-64 திட்டத்தை நினைத்தால் மட்டும் மனம் கனக்கும். 1964இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கியது. ஓய்வூதியக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் வங்கி வைப்புக்கு நிகராக நம்பியது. அதன் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் நிர்வாகமே முடிவுசெய்து வந்தது. உள்ளே இருக்கும் பங்குகளின் உண்மை மதிப்போடு அந்த விலைக்கு நேரடித் தொடர்பு இல்லை. விலை ஒரு பக்கம் சாந்தமாக ஏறிக்கொண்டிருக்க, அடியில் மதிப்பு கரைந்துகொண்டிருந்தது. 2001 ஜூலை முதல் வாரத்தில் ஆறு மாதத்துக்கு யூனிட்டைத் திரும்பப் பெறுவது நிறுத்தப்பட்டது. விழுப்புரம் வட்டாரத்தில் பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத எத்தனையோ வீடுகளில் அந்த யூனிட் சான்றிதழ்கள் இருந்தன. இரும்புப் பெட்டியில், பட்டாவோடும் ஜாதகத்தோடும்.

இதுபோல நுணுக்கமாக எழுதப்பட நமக்கும் கதைகள் உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் வங்கி கதவடைத்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களின் தரப்பில் வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் மறுவருடமே இந்தியன் வங்கி பிறந்தது. தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தபோது வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டமே இயற்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு இருக்கும், அதன் நடை இருக்கும். தலாலும் பாசுவும் கற்றுத் தந்த கண்ணோடு யாராவது அவற்றின் பின்னால் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை எழுகிறது.

அவர்களே வேறொரு நடையின் பின்னால் போனார்கள். 2021இல் வந்த ‘அப்சல்யூட் பவர்’ தேசியப் பங்குச் சந்தையைப் பற்றியது. இங்கே காகிதமே கிடையாது. தரகர்களின் கணினிகளைச் சந்தையின் சொந்த வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2010இல் வந்தது. விலைத் தகவல் ஒருவர் பின் ஒருவராக, இணைந்த வரிசைப்படி போய்ச் சேரும் அமைப்பு அன்று இருந்தது. காலையில் முதலில் இணைந்தவருக்கு முதலில் தெரியும். அடுத்தவருக்குக் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு துளி கழித்து. அந்தத் துளிக்குள் இயந்திரங்கள் வாங்கி விற்றுவிடும். ரசீதைக் கையில் எடுத்துக் காட்டியவர்களுக்கு இப்போது காட்ட வேண்டியிருந்தது கண்ணுக்கே தெரியாத நேரத்தை. அதையும் அதே பொறுமையோடு, அதே படிப்படியான நடையில் காட்ட முனைந்திருக்கிறார்கள். முதல் நூலின் சதைப்பற்று இதில் இல்லை என்பேன். சர்வருக்கு முகம் கிடையாதே. ஆனால் விளக்கத்தின் தெளிவில் வயது கூடிய கையின் பக்குவம் இருக்கிறது.

பெயர் மறைத்த ஒருவர் எழுதிய கடிதத்தில் தொடங்கிய விவகாரம் அது. 2015 ஜூனில் அவர்களுடைய ‘மணிலைஃப்’ இதழ் அதை வெளியிட்டதும் சந்தை நிறுவனம் 100 கோடி கேட்டு மானநட்ட வழக்குப் போட்டது. செப்டம்பர் 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் தடை தர மறுத்தார். தலாலுக்கும் பாசுவுக்கும் தலா ஒன்றரை லட்சம், டாடா நினைவு மருத்துவமனைக்கும் மசினா மருத்துவமனைக்குமாக 47 லட்சம் தரும்படி வழக்குப் போட்டவருக்கே உத்தரவிட்டார். நூறு கோடி கேட்டுப் போனவர் ஐம்பது லட்சம் கொடுத்துவிட்டு வரும் இந்தக் கணக்கை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் இனிக்கிறது.

பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2019இல் சந்தை நிறுவனத்தை 624.89 கோடியும் வட்டியும் கட்டச் சொன்னது. நூல் அச்சேறிய பிறகு, 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை விலக்கி 100 கோடி போதும் என்றது. ஆக, இந்த நூலும் முந்தையதைப் போல இன்னொரு பதிப்பாக வளர்ந்தாக வேண்டும். வந்தால் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறி வாங்கி வந்துவிடுவேன். பென்சில் சீவித் தயாராக இருக்கிறது.